வாடிக்கையாளர் கூட்டமும் வரவேண்டிய பணமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம்மில் பலர் சிறு பட்டறை வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறோம். அவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன்.

"மீட்டிங் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "நல்லாப் பேசினாங்க, காப்பி கொடுத்தாங்க" என்போம். அது உபசாரம். அளவு, விலை, டெலிவரி தேதி, பணம் வரும் தேதி, இந்த நாலுக்கும் பதில் வாங்கினோமா?

யார் யார் வருகிறார்கள் என்று முன்னாடியே போனில் கேளுங்கள். விலை பேசுபவர் பர்ச்சேஸ்காரர். சரக்கைத் தள்ளுபவர் குவாலிட்டிக்காரர். பில்லை நிறுத்துவது அக்கவுண்ட்ஸ். ஒருவர் கொடுத்த வாக்கு இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து, டிராயிங்கை மேஜையில் விரித்து வையுங்கள். எந்த ரிவிஷன், எந்தெந்த அளவைச் சோதிப்பார்கள், எந்தக் கேஜில் பார்ப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிக் கேட்கத்தான் நமக்குக் கூச்சம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஆனால் ஒன்று: சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்து மூலம் குறை சொன்னால், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். கேஜ் விஷயத்தை அன்றைக்கே பேசாமல் விட்டால், அது பணத்தில் வந்து நிற்கும்.

"வாடிக்கையாளர் மேலே கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் எங்கேயிருந்து வரும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், ஆர்டர் எடுக்கும் அன்றைக்கே, முகம் சுளிக்காமல் தேதியைக் கேட்டுவிடுங்கள். அப்போது அது சாதாரணப் பேச்சு. மூணு மாசம் கழித்துக் கேட்டால் அதுவே சண்டை.

அன்று சாயங்காலமே பேசியதை ஒரே பக்கத்தில் எழுதி, "மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று எல்லோருக்கும் அனுப்பி, ஒரு நகலை ஃபைலில் வையுங்கள். ஆள் மாறினாலும் காகிதம் பேசும்.

சனிக்கிழமை வாரக்கூலிக்கு நம் முகத்தைப் பார்த்து நிற்பவர்களுக்காகவாவது இந்தக் கூச்சத்தை விடுவோம்.