ஆதிமந்தி தேடிய வழி

கொங்கு நாட்டுக் காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே சேர நாட்டிற்குள் புகுகின்றது. வாளையாற்றைக் கடந்தால் மாநிலம் மாறுகின்றது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் தமிழ் மாறுவதில்லை. தெற்கே தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் அஃதே நிலை. 1956 நவம்பர் முதல் நாள் அமைந்த கேரளத்தில் இவை சேர்ந்தன. அந்த எல்லை வழக்கை இன்று நாம் எடுக்கப் போவதில்லை. குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த மலர் 2006இலும் 2018இலும் மூணாற்றுச் சரிவுகளில் பூத்தது. அம்மலைகளை நினைக்குந்தோறும் அகப்பாட்டுப் பாடிய பெண்டிரே நம் நினைவிற்கு வருகின்றனர்.

சங்கப் பாடல்களில் தலைவியும் தோழியும் பேசுவன மிகப் பல. எனினும் அவற்றுட் பெரும்பாலானவற்றை இயற்றியோர் ஆடவரே. கபிலர் தலைவியாய் நின்று பேசும் அழகை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் பெண்ணொருத்தி தானே பாடுங்கால் கேட்கும் ஒலி வேறு என்பது நம் துணிபு.

ஆதிமந்தியை எடுத்துக்கொள்வோம். கரிகாற் சோழனின் மகள் என்றும், அவள் கணவன் ஆட்டனத்தி சேரர் குடியினன் என்றும் மரபு கூறும். கழார்த் துறையில் புனலாடியபோது அவனைக் காவிரி கவர்ந்து சென்றது. அவள் ஊர் ஊராய்த் தேடி அலைந்தாள். குறுந்தொகையில் அவள் பெயரில் ஒரு பாட்டு உண்டு. விழாக் களங்களிலும் கூத்து நிகழும் இடங்களிலும் தேடியும் அவனைக் காணவில்லை என்கிறாள்.

பின்னர் வெள்ளிவீதியார் என்னும் புலவர் பிரிவால் வாடுங்கால், ஆதிமந்தியைப் போல யானும் அலைய நேருமோ என்று அகநானூற்றில் அஞ்சுகிறார். அதே தொகையில் ஔவையார், வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுவிட எண்ணினேன் என்கிறார். ஒருத்தியின் துயரை அடுத்தவள் பெயர் சுட்டிச் சொல்ல, அவள் பெயரை மூன்றாமவள் சொல்கிறாள். இதற்கு நிகரான தொடர்ச்சியை நாம் வேறெங்கும் எளிதிற் காணவில்லை. அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்பதும், தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் எடுத்துரைத்தல் இல்லை என்பதும் தொல்காப்பிய விதிகள். அவ்விதிகளுக்கு நடுவே இப்பெயர்கள் நிலைத்துவிட்டன.

பெண்பாற் புலவரைச் சேரர் அவை போற்றியதற்கும் சான்று உண்டு. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தை ஆடுகோட்பாட்டுச் சேரலாதன்மேற் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அணிகலன் செய்ய ஒன்பது காப் பொன்னும், நூறாயிரம் காணமும் அவர் பெற்றார் எனப் பதிகம் கூறுகின்றது.

சிலப்பதிகாரத்தில் சேர நாட்டு மலையில் கண்ணகியைக் கண்டோர் குன்றக் குறவர். உடனே அவர்கள் குரவை ஆடுகின்றனர். அக்குரவையோ காதற் பாட்டு! கணவனை இழந்தவள் விண்ணேறிய அக்கணத்தில் குறப் பெண்கள் காதலைப் பாடியதை இளங்கோ காரணமின்றி வைத்திரார். குமுளிக்கு அருகே மங்கலதேவி மலையிலுள்ள பழங்கோயிலைக் கண்ணகி கோயில் என்றே மக்கள் போற்றுகின்றனர். சித்திரை முழுநிலா நாளில் இரு மாநில மக்களும் அங்கு ஏறுகின்றனர்.

ஆண்டாளை நேயர்கள் நன்கறிவீர்கள். ஆகவே மேலே செல்வோம்.

பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் கூறுவதை வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பண்டைப் பாட்டில் தலைவன் பொருள் தேடிச் செல்வான், தலைவி காத்திருப்பாள். தேயிலை மலைகளுக்கோ பெண்களே கூலிக்கு ஏறினர். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாமே பேசினர். அவருட் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

எழுத்திலும் அக்குரல் எளிதில் ஏற்கப்படவில்லை. சல்மா புனைபெயரில், வீட்டாருக்கு மறைவாகவே எழுதினார். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 2000இல் வெளிவந்தது. 2002இல் குட்டி ரேவதியின் தொகுதி அதன் தலைப்பிற்காகவே கடும் வசைக்கு உள்ளாயிற்று. வேட்கையைப் பெண் சொல்லலாகாது என்ற பழைய விதி அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை.

நடுவண் அரசின் கோப்புகளைத் தமிழாக்குவது நம் தொழில். எத்தனையோ கடினச் சொற்களுக்கு ஈடு கண்டிருக்கிறோம். 'தோழி' என்பதை ஆங்கிலத்திற் பெயர்க்க முயலுந்தோறும் கை நின்றுவிடுகின்றது. தலைவி சொல்ல இயலாததைச் சொல்பவள் அவள்; அப்பொருளைத் தாங்கும் ஒரு சொல் அம்மொழியில் நமக்கு அகப்படவில்லை.

கொழுந்து கிள்ளும்போதும் நாற்று நடும்போதும் பாடப்பெற்ற தெம்மாங்குகளில் காதற் பாட்டுகளே மிகுதி. அவை உங்கள் வீட்டுப் பாட்டிமார் நினைவில் இன்னும் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நேயர்கள் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாடியவர் பெயரையும் மறவாது பாட்டின் கீழே குறியுங்கள்.