தாஊன்: ஒதுங்கியதும் தங்கியதும்

(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மகிழ்ச்சியான நாளில் கொள்ளைநோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்தக் காலத்தில் நம் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர் ஒருவர் காலமானார். எத்தனையோ பேரின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த மனிதர் அவர். அவருக்குத் தோள் கொடுக்க நம்மால் போக முடியவில்லை. பயந்து ஒதுங்கிவிட்டோமோ என்ற உறுத்தல் இன்றும் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த உறுத்தலுக்கு நம் வரலாற்றில் மருந்து இருக்கிறது.

அரபியில் 'தாஊன்' என்பது பிளேக் நோய். எலிகளிடம் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் மனிதருக்கு வருவது. இதன் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்தார். நோய்க்கு மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவதில் கடும் காய்ச்சலோடு தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் நெறி கட்டி வீங்கும். இரண்டாவதில் கிருமி இரத்தத்தில் பரவி உடலை நஞ்சாக்கும். மூன்றாவது நுரையீரலைத் தாக்கும். இருமலின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் பிழைப்பது மிக அரிது. இன்று உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் குணப்படுத்திவிடலாம். அன்று அந்த மருந்து இல்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்ற ஊரில் தாஊன் பரவியது. அப்போது ஷாம் நாட்டை நோக்கி வந்துகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்ற இடத்தில் செய்தியறிந்து ஆலோசனை கேட்டார்கள். கருத்துகள் பிரிந்தன. திரும்பிவிடுவது என்று அவர்கள் முடிவெடுத்தபோது, இறைவன் விதித்ததிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடை சொன்னார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, தாம் கேட்டிருந்த நபிமொழியை எடுத்துரைத்தார்கள். தாஊன் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்பதே நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்து திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் படையினரை விட்டுவர மனமின்றி அங்கேயே தங்கி, அந்நோயிலேயே மறைந்தார்கள்.

1347இல் அலெக்சாந்திரியா துறைமுகத்தை அடைந்த பெருவாதை, மறு ஆண்டில் கெய்ரோவையும் திமிஷ்கையும் சூறையாடியது. ஐரோப்பாவில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மடிந்தது. துனிஸில் இளைஞர் இப்னு கல்தூன் பெற்றோரை இழந்தார். முன்னர் மதுரையில் ஒரு கொள்ளைநோயைக் கண்டு எழுதிய பயணி இப்னு பதூதா, 1348இல் திமிஷ்கில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக இறைஞ்சியதைப் பார்த்தார். ஊர் திரும்பும் வழியில் தம் தாயும் இந்நோயால் இறந்த செய்தி அவருக்குக் கிடைத்தது.

கிரனாடாவின் அறிஞர் இப்னுல் கதீப், நோய் தொற்றுவது அனுபவத்தில் மெய்ப்பட்ட உண்மை என்று துணிந்து எழுதினார். நோயாளியின் உடையைத் தொட்டவருக்கு நோய் வந்ததையும், விலகி இருந்தவர் தப்பியதையும் அவர் சான்றாகக் காட்டினார். தாஊன் பற்றித் தனி நூல் எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானி, தம் மூன்று பெண் மக்களை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். கெய்ரோவில் மக்கள் திரண்டு கூட்டுப் பிரார்த்தனை செய்த பிறகு இறப்புகள் பெருகியதை அவர் மறைக்காமல் பதிவு செய்தார்.

இப்போது நம் உறுத்தலுக்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் திரும்பியதும், அபூ உபைதா (ரலி) அவர்கள் தங்கியதும் ஒரே நபிமொழியின் இரு பாதிகள். 2020இல் வீட்டில் இருந்தவர்கள் முதல் பாதியைச் செய்தோம். மருத்துவமனையில் பணி செய்த நம் பிள்ளைகளும், பாதுகாப்பு உடை அணிந்து மையித்தை அடக்கிய சிலரும் இரண்டாம் பாதியைச் செய்தார்கள். அவர்களுக்கு நாம் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. இன்று சொல்வோம். அந்தப் பெரியவரின் வீட்டுக்கு இதுவரை போகாதவர்கள் இந்த வாரமே போய் அவர் துணைவியாரைப் பார்த்து வருவோம். அதற்கு இப்போது தடை எதுவும் இல்லை.

அல்லாஹ் நம் மறைந்தோரைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.