இருண்ட கண்டமா, இருட்டடிக்கப்பட்ட கண்டமா?

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஐரோப்பியர் வருமுன் ஆப்பிரிக்காவில் இருந்தது இருள்தான், வரலாறு அல்ல என்று 1963-இல் பேசினார் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டிரெவர்-ரோப்பர். உண்மை என்ன?

ஹிஜ்ரி 724 (கி.பி. 1324). மாலி மன்னர் மன்ஸா மூசா ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய தங்கத்தால் அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது என்று அல்உமரி எழுதி வைத்திருக்கிறார். 1352-இல் மாலிக்குப் போன இப்னு பதூதா, அங்கே பயணிகளுக்குத் திருடர் பயமே இல்லை என்று புகழ்கிறார்.

வணிகப் பெருமக்களே! திம்புக்து சந்தையில் மற்றெல்லாச் சரக்கையும்விடப் புத்தகத்தில்தான் லாபம் அதிகம் என்கிறார் 16-ஆம் நூற்றாண்டுப் பயணி ஹஸன் அல்வஸ்ஸான்.

அந்த நகரைச் சிதைத்தது யார்? 1591-இல் அங்கே வந்த படையை அனுப்பியவர் மொராக்கோவின் முஸ்லிம் சுல்தான். பேரறிஞர் அஹ்மத் பாபாவைக் கைதியாக்கி மராகிஷுக்குக் கொண்டு போனதும் அவருடைய ஆட்களே. இதையும் நாம் மறைக்கக் கூடாது. பின்னர் பிரெஞ்சு ஆதிக்கம் வந்தது. குடும்பங்கள் ஏடுகளைப் பெட்டிகளில் ஒளித்துக் காத்தன. 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோதும், பெட்டி பெட்டியாக ரகசியமாய்ப் பமாகோ கொண்டு போய்க் காப்பாற்றினார்கள்.

இளைஞர்களே! ஓதச் சொல்லி இறங்கிய வேதத்தின் மக்கள் நாம். பிறர் மறைத்த வரலாற்றை நாமே படிக்காவிட்டால், குற்றம் யாருடையது?