பிள்ளைகளும் இந்த ஊர்ப் புழுக்கமும்
(தோ பாயோ கூட்டத்தில் நமது தோட்டக் கிராணியார் பேசியது)



"தஞ்சாவூர் வெயிலைக் கண்ட பிள்ளைக்கு இந்த ஊர் வெயில் எம்மாத்திரம்?" என்று நம் சகோதரர்கள் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் பாட்டன்மாரும் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

இங்கே பகலில் 31, 32 டிகிரிதான். ஆனால் காற்றெல்லாம் ஈரம். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது காய்வதில்லை. இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. தோ பாயோ என்றாலே பெரிய சதுப்பு என்றுதான் பொருள். ஆகவே பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை போதும். கம்பளிக் குல்லாய் வேண்டாம், பாட்டிமார் கோபிக்கலாகாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு பிறக்கும்.

இவ்வளவும் யாருக்குச் சொல்கிறோம்? அழைத்துவர முடிந்தவருக்கு. வொர்க் பெர்மிட்டில் வந்தவர் ஊரிலுள்ள மனைவி மக்களை அழைத்து உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. எஸ் பாஸ்காரருக்கோ, 2018 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தாக வேண்டும். துரைமார் காலத்துத் தோட்டத்தில்கூட லயத்தில் குடும்பம் இருந்தது. தாய் பால்வெட்டப் போனால் ஆயாக் கொட்டகையில் பிள்ளை தூங்கிற்று. இன்று இந்த அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர் தம் பிள்ளையைக் கைப்பேசியில் பார்க்கிறார்.

போன ஞாயிறு தேக்காவில் ஒருவர், சட்டைக் கடை வாசலில் நின்று, "இப்போ எவ்வளவு உசரம் இருக்கான்?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம்.