பன்னிரண்டாவது படம்



ஓர் அறை. முன்னால் ஒரு திரை. மங்கலான படம் ஒன்று முப்பது விநாடி தெரிந்து மறைகிறது. அதை வைத்து நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். மணி அடித்ததும் அடுத்த படம். இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதாக வருவது வெறும் வெள்ளைத் திரை. இப்போது படத்தையும் நீங்களேதான் மனதுக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

இந்திய விமானப்படையில் அதிகாரியாக விரும்பும் பிள்ளைகள் மைசூரு, டேராடூன், வாரணாசி போன்ற ஊர்களில் உள்ள தேர்வு வாரியங்களில் இப்படித்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

நம் வீடுகளில் பேச்செல்லாம் எழுத்துத் தேர்வைப் பற்றியே இருக்கும். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு இருக்கிறது. தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுப் பயிற்சி. 2022 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். பட்டதாரிகளுக்கு ‘ஏஎஃப்கேட்’, ஆண்டுக்கு இரண்டு முறை. விமானி ஆவதற்கு வயது 20 முதல் 24 வரை, தரைப்பணிக்கு 26 வரை. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். கருத்தாகப் படிக்கிற பிள்ளைக்கு இது தாண்டக்கூடிய தேர்வுதான்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு தேர்வு வாரியத்தில் வருகிற ஐந்து நாள்தான் விஷயம். முதல் நாளே ஒரு சல்லடை. அதில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு செஸ்ட் நம்பர். அதன்பின் அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

மூன்று பேர் மதிப்பிடுகிறார்கள். உளவியலாளர் நீங்கள் எழுதியதை மட்டும் படிக்கிறார். நேர்காணல் அதிகாரி உங்கள் பேச்சைக் கேட்கிறார். மூன்றாமவர் மைதானத்தில் நின்று, பலகை, கயிறு, பீப்பாயோடு உங்கள் குழு தடைகளைக் கடப்பதைப் பார்க்கிறார். மனம், மொழி, மெய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மூன்றும்தான். மூவரும் தனித்தனியே கணித்துவிட்டுக் கடைசி நாளில் ஒன்றாக உட்காருகிறார்கள். தாளில் தலைவனாக எழுதியவன் மைதானத்தில் பின்வரிசையில் ஒதுங்கி நின்றிருந்தால், அந்த மேசையில் அது தெரிந்துவிடும்.

இதனால்தான் மனப்பாடம் செய்த கதைகள் எனக்குக் கவலை தருகின்றன. எந்தப் படம் வந்தாலும் கதாநாயகன் தனியாளாகப் பத்து பயங்கரவாதிகளைப் பிடிப்பான். பிறகு அறுபது சொற்கள் வரும், சொல்லுக்குப் பதினைந்து விநாடி. அந்த வேகத்தில் யார் சொல்லிக்கொடுத்ததும் நினைவுக்கு வராது. உள்ளே கிடப்பதுதான் பேனாவில் இறங்கும். மழையில் பழுதாகி நின்ற மினிபஸ்ஸிலிருந்து பயணிகளை இறக்கிப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்த ஒருவனின் கதையை, பார்த்ததைப் பார்த்தபடி ஒரு பிள்ளை எழுதினால் அது எவ்வளவோ மேல். ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும், தவறில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நீ முதலில் போ, நான் தாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்?

விமானி ஆக விரும்புகிறவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு, அது கடுமையானது. கணினி வழியாக நடக்கும் விமானித் திறன் தேர்வு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். தவறினால் விமானி ஆகும் வழி அத்துடன் அடைபடும். உடலையும் அளக்கிறார்கள். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர், தொடை நீளம் 64 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது, நீண்ட தொடை என்றால் முழங்கால் முன்பலகையில் மோதிவிடும். அதனால்தான் அந்தக் கணக்கு. இதில் தவறிய பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வானம் கிடைக்காதவர்களுக்குத் தரை இருக்கிறது. பொறியியல், நிர்வாகம், தளவாடம், கணக்கு, கல்வி, வானிலை என்று எத்தனையோ பிரிவுகள். விமானமே ஓட்டாத கணக்குப் பிரிவு அதிகாரியும் பணியில் சேரும்போது ‘ஃபிளையிங் ஆபீசர்’தான். முதல் பதவியின் பெயரே அது.

ஒன்றை மனம் வலித்துத்தான் சொல்கிறேன். முதல் நாளே பெட்டியோடு திரும்பி வந்த பிள்ளையை, “என்னப்பா, அதற்குள் வந்துவிட்டாய்?” என்று தெருமுனையில் நிறுத்திக் கேட்கிறோம். வயது வரம்புக்குள் திரும்பத் திரும்ப முயலலாம் என்பதும், மூன்றாம் முறை, நான்காம் முறை போய்த் தேறிய அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பதும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்விக்காகவே இரண்டாம் முறை விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தேறியவர்கள் ஐதராபாத் அருகே துண்டிக்கல்லில் உள்ள விமானப்படைக் கல்விக்கூடத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பறக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், அப்படிச் சொல்லித்தரும் கலையைக் கற்றுக்கொள்வது எங்கே தெரியுமா? நம் தாம்பரத்தில். சானடோரியம் ரயில் நிலையத்தில் நிற்கும்போது தலைக்கு மேல் சிறு விமானம் ஒன்று வட்டமடித்தால், அதில் ஓர் ஆசிரியர் மாணவராக உட்கார்ந்திருக்கலாம்.

பயிற்சி முடிந்து பட்டமளிப்பு அணிவகுப்பு. தோளில் பட்டை ஏறிய புதிய அதிகாரிகள் மெதுநடையில் மைதானத்தை விட்டு வெளியேறுகிறார்கள். அப்போது அவர்களுக்கு வாழ்வின் முதல் சல்யூட் கிடைக்கிறது. அதை வைப்பது தளபதியோ அமைச்சரோ அல்ல. அவர்களுக்கு அடுத்த அணியில் இன்னும் பயிற்சி முடிக்காமல் நிற்கும் இளையவர்கள்.