கம்ரானின் தரப்பு



முகலாய அரச குடும்பத்தின் உடன்பிறப்புப் பூசல்களை ஆராயக் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளை எடுத்ததும் பலருக்கு நினைவில் வருபவர்கள் தாராவும் ஔரங்கசீப்பும். அவர்கள் ஒரு தாய் மக்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது, அதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய பூசல். ஹுமாயூனுக்கும் கம்ரானுக்கும் தந்தை பாபர், தாயர் வேறு.

நம் பாடநூல்களில் கம்ரான் துரோகி. இந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் என்று இன்னும் போதுமான அளவு நாம் கேட்கவில்லை.

1530இல் பாபர் இறந்தபோது அரியணை ஹுமாயூனுக்குப் போனது. ஆனால் பாபரின் குலமான தைமூர் வழியினரிடையே நாடு குடும்பச் சொத்தாகவே கருதப்பட்டது. ஆண்மக்கள் எல்லோரும் அதில் பங்கு கேட்கலாம். காபூலைக் கையில் வைத்திருந்த கம்ரான் பஞ்சாபையும் பிடித்துக்கொண்டார். ஹுமாயூன் அதை ஒப்புக்கொண்டார். இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட்டால் அந்தக் காலத்து அரசியலே நமக்குப் பிடிபடாது.

அந்தப்புரத்தின் உறவுகளும் நேர்க்கோட்டில் ஓடவில்லை. பாபரின் பிள்ளைகளில் கம்ரானும் அஸ்கரியும் குல்ருக் பேகத்தின் மக்கள். ஹிந்தாலும் குல்பதனும் தில்தார் பேகத்தின் மக்கள். ஆனாலும் ஹிந்தாலை வளர்த்தவர் ஹுமாயூனின் தாய் மாஹம் பேகம். அப்படி வளர்ந்த ஹிந்தாலே 1538இல், ஹுமாயூன் வங்காளத்தில் இருந்த சமயம், ஆக்ராவில் அரசருக்கே உரிய குத்பா உரையைத் தம் பெயரில் ஓதச் செய்தார். மகனைப் பார்க்கத் தில்தார் துக்க உடையில் வந்து நின்றதாகச் சொல்லப்படுகிறது. ஒரு தாய் தன் மகன் அரசனாவதைச் சாவாகக் கண்ட அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் கலங்குகிறது.

இந்தக் குடும்பத்தின் நினைவுகளை எழுதிவைத்த குல்பதன் சாதாரணச் சாட்சி அல்லர். அவருடைய உடன்பிறந்த ஹிந்தால் 1551இல் கம்ரானின் படை நடத்திய இரவுத் தாக்குதலில் இறந்தார். கம்ரானைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரியிலும் அந்த இழப்பு இருக்கிறது. அவருடைய நூலில் நமக்குக் கிடைத்த ஒரே கைப்படி, 1553இல் கம்ரானின் பார்வை பறிக்கப்பட்ட நிகழ்ச்சியோடு முறிந்துவிடுகிறது. கண்ணிழந்த கம்ரான் மெக்காவுக்குப் போய் 1557இல் இறந்தார்.

குல்பதன், ஹுமாயூனின் பணியில் இருந்த ஜௌஹர், பாயசீத் பயாத் மூவரும் தங்கள் நினைவுகளை எழுதியது ஹுமாயூனின் மகன் அக்பரின் விருப்பத்தால், 1587ஐ ஒட்டி. 1547 முற்றுகையில் காபூல் கோட்டை மதில்மேல் பீரங்கிக் குண்டுகளுக்கு எதிரே கம்ரான் நிறுத்திய குழந்தை அக்பர்தான் என்கிறது அவருடைய அரசவை வரலாறான அக்பர்நாமா. அது மட்டுமா? அக்பருக்கும் மாற்றாந்தாய் மகனாக ஒரு தம்பி காபூலில் ஆண்டார்: மிர்சா ஹக்கீம். 1580இல் கிழக்கே கிளர்ச்சி செய்தவர்கள் அவர் பெயரில்தான் குத்பா ஓதினார்கள். 1581இல் அக்பரே படையோடு காபூல்வரை போக நேர்ந்தது. ஹக்கீம் 1585இல் இறந்தார். அந்தச் சூடு ஆறுமுன்னே கம்ரானின் கதை எழுதப்பட்டது. கம்ரானைப் பழித்த பக்கங்களில் ஹக்கீமுக்கான விடையும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கம்ரான் கொடுமை செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. மதில்மேல் குழந்தையை நிறுத்தியது கொடுமைதான். ஆனால் அவர் துருக்கியிலும் பாரசீகத்திலும் கவிதை எழுதியவர். அவருடைய கவிதைத் தொகுப்பான திவானின் கைப்படி பாட்னா குதா பக்ஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர் பெயரில் அடித்த நாணயங்களும் கிடைத்திருக்கின்றன. அண்ணன் தரப்பின் நினைவுகளைப் படித்த அளவுக்கு இவற்றை நாம் படிக்கவில்லை.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அமர்வுகளில் ஒரு சான்றை எடுத்துவைக்கும் முன்பு, அது எந்த ஆண்டில், யார் கேட்டு, எந்தத் தாயின் பிள்ளையால் எழுதப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். பாரசீகமும் துருக்கியும் கற்று, கம்ரானின் திவானைத் தமிழுக்குக் கொண்டுவர உங்களில் ஒருவராவது முன்வாருங்கள்.