பயில்வோர் பயிற்றுவிக்கலாமா?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொழில் நாடிப் புனே நகரில் குடியேறிய நம்மிடையே, பிள்ளைகளை மருந்தாளுநர் ஆக்க விரும்பும் பெற்றோர் உளர். அக்கல்வியைப் பற்றி ஒரு கருத்தினை இன்று ஆராய்வோம்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தாளுநர் தொழிலுக்கு ஒழுங்கு வகுத்தது. 2008-இல் 'பார்ம்.டி.' என்னும் ஆறாண்டுப் படிப்பு நம் நாட்டில் தோன்றியது. இந்நகரில் பாரதி வித்யாபீடத்தின் பூனா மருந்தியல் கல்லூரியிலும் அஃது உண்டு. ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியே: பொது மருத்துவப் பிரிவில் ஆறு திங்கள், வேறு மூன்று பிரிவுகளில் இரண்டிரண்டு திங்கள்.

இவ்வாறு பயில்வோர் தமக்கு இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லலாமா? தாமே கரையேறாதவர் பிறரைக் கரையேற்றுவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். அமெரிக்க நாட்டிலோ, பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பயிலும் மருந்தாளுநர் பலர் கல்லூரியில் பாடமும் நடத்துகின்றனர். கற்பிக்கும் முறையும் அவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். முடக்குவாதத்திற்கு அளிக்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒருமுறையே உண்ணுதல் வேண்டும். தவறி நாள்தோறும் உண்டால், இரத்த அணுக்கள் குன்றி உயிருக்கே இடர் நேரும். நூலில் இஃது ஒரு வரி. நோயாளியின் கட்டிலருகே நின்று, "எந்தக் கிழமையில் சாப்பிடுவீர்கள், அம்மா?" என்று கேட்டு, "தினமும்தான்" என்ற விடையால் திடுக்கிட்ட பயிற்சியாளருக்கோ அது மறவாப் பாடம். அவர் வகுப்பில் அதனை உரைத்தால் மாணவரும் மறவார்.

பயிற்றுவிப்பவருக்கும் பயன் உண்டு. மாணவருக்கு விளங்கச் சொல்லப் பழகியவரே மராத்தி அறியாத நம் வீட்டு மூதாட்டிக்கும் விளங்கச் சொல்வார்.

எனினும், அவரைத் தனியே விடுதல் தகாது. ஒருவர் தவறாகச் சொல்லும் அளவு, கேட்ட மாணவர் அனைவரிடமும் பரவும். ஆதலின் மூத்த ஆசிரியர் உடனிருந்து திருத்துதல் வேண்டும். நோயாளியைக் காக்கும் நேரமும் குறைதல் கூடாது.

நம் சங்கமும் இதில் ஒரு பணி ஆற்றலாம். இத்துறையில் பயிலும் நம் இளைஞர்கள், அனுபவமுள்ள மருந்தாளுநர் ஒருவர் துணையிருக்க, திங்களுக்கு ஒருநாள் இம்மன்றத்தில் அமரட்டும். நம் முதியோர் தம் மருந்துச் சீட்டுகளுடன் வரட்டும். எம்மருந்து, எப்பொழுது, எவ்வளவு என்பதைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். இளைஞர் கற்பிக்கக் கற்பர். முதியோர் நலம் பெறுவர்.